எம்டன் என்னும் சொல்லும் எம்டன் என்னும் கப்பலும்

சென்ற விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் ரிவர்ஸ்டன் மலைக்குச் சென்றிருந்தோம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நாம் வருணிக்க வேண்டுவதில்லை. அறியாதவர்களுக்கு வருணித்தாலும் விளங்காது. தேயிலை மலைகளைக் கடந்து, ஏலம் மணக்கும் காட்டைக் கடந்து, மேகத்திற்குள் புகுந்து மறுபுறம் வெளிவரும்போது, நிற்கவொட்டாமல் தள்ளும் காற்று ஒன்று வந்து வரவேற்கும். எமது குடை அங்கே உயிர்நீத்தது.

திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் இறங்கினோம். மாணவன் ஒருவன், பக்கத்தில் இருந்தவன் அசந்த நேரத்தில் அவனுடைய வடையை எடுத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் அறியாதவன்போல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர், இதைக் கண்டு சிரித்தார். “இவன் சரியான எம்டன் ஐயா! பார்த்து நடந்துக்குங்க” என்றார்.

மாணவர்கள் விழித்தனர். சொல்லை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பொருளையும் ஒருவாறு அறிந்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. யமன் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்றான் ஒருவன். சினிமாவிலிருந்து வந்தது என்றான் மற்றொருவன். 2006ஆம் ஆண்டில் ‘எம்டன் மகன்’ என்று பெயரிடப்பட்டு, பின்னர் ‘எம் மகன்’ என்று மாற்றப்பட்ட படம் அவன் நினைவிலிருந்தது. முதியவர் இருவரையும் மறுத்தார். “அது கப்பல் தம்பி. ஜேர்மன்காரன் கப்பல். கடலுக்கு அடியிலேயே ஓடும், ஒருத்தன் கண்ணிலேயும் படாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கையில எங்க பாட்டி, எம்டன் வாரான்னு சொல்லித்தான் சோறு ஊட்டுவா. அந்தக் கப்பலை ஓட்டினதே நம்ம தமிழாள்தான்” என்று முடித்தார்.

மாணவர் முகங்களில் தோன்றிய மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வடை பறிகொடுத்தவன்கூட இழப்பை மறந்தான். நாம் என்ன செய்வது? முதியவர் முன்னிலையில் அவரை மறுத்துப் பேச மனம் வரவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தோம். அன்று அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாது போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, எம்டன் நீர்மூழ்கி அன்று. கடல்மேல் ஓடிய நீராவிக் கப்பல். பெரும் போர்க்கப்பலும் அன்று; குரூசர் எனப்படும் விரைவுக் கப்பல் வகையைச் சேர்ந்தது. 1906ஆம் ஆண்டில் இங்கிலாந்து ‘டிரெட்நாட்’ என்னும் மாபெரும் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அதற்கு முன் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழமையாகிவிட்டன என்று அக்காலத்தவர் பேசிக்கொண்டனர். ஜேர்மனியும் சளைக்கவில்லை. ‘நசாவ்’ முதலான தன் புதிய போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கிற்று. அந்தப் பரபரப்புக்கு நடுவே, 1906 நவம்பரில், டான்சிக் நகரத்து அரசாங்கக் கப்பல் தளத்தில் எம்டனுக்கு அடிமரம் இடப்பட்டது. 1908 மே மாதத்தில் நீரில் இறங்கி, 1909 ஜூலையில் பணிக்கு வந்தது. வடகடலோரத்து எம்டன் என்னும் துறைமுகப் பட்டினத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

நீளம் 118 மீட்டர். அகலம் பதின்மூன்றரை மீட்டர். முழுச் சுமையுடன் ஏறத்தாழ 4,200 தொன். பத்துப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் குழல்வாயும் பத்தரை சென்டிமீட்டர். நசாவ் போர்க்கப்பலின் பெரும் பீரங்கிவாய் 28 சென்டிமீட்டர் என்பதை ஒப்பிட்டால், எம்டனின் அளவு விளங்கும். சிங்கத்தின் முன் காட்டுப்பூனை. ஆனால் காட்டுப்பூனைக்கு ஓடத் தெரியும்: மணிக்கு ஏறத்தாழ 24 கடல்மைல்.

அதன் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எம்டனுக்கு டிரெஸ்டன் என்றொரு தமக்கைக் கப்பல் உண்டு. இரண்டிற்கும் வரைபடம் ஏறத்தாழ ஒன்றே; ஆனால் டிரெஸ்டனுக்குப் புதுமுறை டர்பைன் பொருத்தினார்கள், எம்டனுக்குப் பழைய முறைப்படி பிஸ்டன் இயந்திரங்களையே வைத்தார்கள். நமது பழைய ரயில் எஞ்சினில் தண்டு முன்னும் பின்னும் போய்வருவதைக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே தத்துவம். நீராவி மூன்று உருளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, தன் பலத்தை எல்லாம் கொடுத்துவிட்டு வெளியேறும். அவ்வகை இயந்திரம் பெற்ற கடைசி ஜேர்மன் குரூசர் எம்டனே. பழமை என்று எள்ளத் தோன்றும். ஆனால் மெதுவாகச் செல்லும்போது டர்பைனைவிட இது குறைந்த நிலக்கரியைத் தின்னும். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைலுக்கு அப்பால், தன் துறைமுகம் ஒன்றுமில்லாத கடலில் திரிய நேர்ந்த கப்பலுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! கட்டியவர்கள் இதை எண்ணிக் கட்டினார்களோ என்னவோ.

1910இல் அது கீழ்த்திசைக்கு வந்து, சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தில் தங்கியது. வெள்ளை நிறம் பூசியிருந்தமையால் ‘கீழ்க்கடல் அன்னம்’ என்று அழைத்தனர். 1913இல் கார்ல் வொன் முல்லர் என்பவர் தலைவராக வந்தார். அதிகம் பேசாதவர், நாற்பது வயதினர். மகாயுத்தம் மூண்ட 1914 ஆகஸ்டில் ஜேர்மன் கீழைக் கடற்படையின் ஏனைய கப்பல்கள் பசிபிக் கடல் வழியே தென்னமெரிக்காவை நோக்கிப் போயின. முல்லர் மட்டும் தளபதியிடம் அனுமதி பெற்று, ஒரேயொரு நிலக்கரிக் கப்பலைத் துணையாகக் கொண்டு, மேற்கே திரும்பி இந்து சமுத்திரத்தில் நுழைந்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். ஆங்கிலக் குரூசர் ‘யார்மவுத்’துக்கு நான்கு. கான்வஸ் துணியால் நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு எம்டன் ஆங்கிலக் கப்பலாகிவிட்டது. நமது கங்காணியாருடைய சொல்லின் பொருள் இந்தத் துணிப் புகைபோக்கியிலிருந்தே தொடங்குகிறது.

செப்டம்பர் 10ஆம் திகதி வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கிற்று. சில நாட்களுக்குள் இந்தஸ், லோவட், கில்லின், டிப்ளோமாட் என்று கப்பல்கள் வரிசையாகக் கடலுக்குள் போயின. டிப்ளோமாட்டில் இருந்தது தேயிலை. மலையில் விளைந்த சரக்கு ஒன்று கடலடியில் ஊறிப்போனதை எண்ணியபோது, தேயிலைச் செடிகளின் நடுவே ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்த நமக்கு என்னவோ போலிருந்தது. இந்தஸ் கப்பலில் இருந்தது சவர்க்காரம். எம்டனில் அச்சமயம் சவர்க்காரம் தீரும் தறுவாயில் இருந்ததாம். கிடைத்ததோ ஓராண்டுக்குப் போதுமான அளவு. நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் நிலக்கரி ஏற்றி, மேனியெல்லாம் கரிபிடித்து நின்ற மாலுமிகளுக்கு அது பொற்காசினும் மேலாக இருந்திருக்கும். பிடித்த கப்பல்களிலிருந்து பன்றியும் ஆடும் கோழியும் ஏறி, போர்க்கப்பலின் மேற்றளம் பண்ணை முற்றமாகிவிட்டது. கப்பற் பூனை குட்டிகளை ஈன்றபோது, பிடிபட்ட கப்பல்களின் பெயரையே அவற்றிற்கு இட்டனர் என்பர்.

முல்லர் ஓர் ஒழுங்கைக் கைவிடவில்லை. வணிகக் கப்பலில் இருந்தவர்களை முதலில் இறக்கித் தம்மிடம் ஏற்றிக்கொள்வார். பின்னரே அதை மூழ்கடிப்பார். கைதிகள் மிகுந்தால் பிடித்த கப்பல் ஒன்றையே விடுதலை செய்து அவர்களைக் கரைக்கு அனுப்புவார். கபிங்கா அப்படி விடப்பட்ட ஒன்று. ஆங்கிலப் பத்திரிகைகளே இவரைக் கனவான் என்று புகழ்ந்தன. பகைவனைப் பாராட்டும் பத்திரிகை எக்காலத்திலும் அரிது. ஆதலால் இதை ஏற்கலாம்.

இனிச் சென்னை. 1914 செப்டம்பர் 22ஆம் திகதி இரவு, ஒன்பதரை மணியளவு. அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்கியிருந்த நாட்கள். நகரத்து விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் கோபுரத்தின்மீது இருந்த கலங்கரை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. எம்டன் ஏறத்தாழ 3,000 கெஜ தூரத்துக்கு வந்து நின்று, தேடொளியைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கண்டுகொண்டது. சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. கரைப் பீரங்கிகள் பதில் கூறிய சில குண்டுகள் எங்கோ விழுந்தன. அரை மணிக்குள் எல்லாம் முடிந்து, விளக்கணைத்துக்கொண்டு எம்டன் இருளில் மறைந்தது. ஐவரேனும் மாண்டனர், பலர் காயமுற்றனர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை உயர்நீதிமன்ற மதிலில் இன்றும் காணலாம்.

அழிவின் அளவு பெரிதன்று. அச்சத்தின் அளவோ பெரிது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் சென்னையை விட்டு ஓடினர். முல்லரின் நோக்கமும் அதுவே. எண்ணெய்த் தொட்டி இரண்டாம் பட்சம்; கடலை ஆளுவோம் என்று சொன்னவர்களால் தம் துறைமுகத்தையே காக்க முடியவில்லை என்பதை இந்திய மக்கள் கண்ணால் காண வேண்டும் என்று அவர் கருதினார். கண்டார்கள். ஒரு சொல்லாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையை விட்ட எம்டன் நேரே இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே வந்தது. கிங் லட் என்னும் கப்பல் தென்கரைக்கு அப்பாலும், சீனி ஏற்றிவந்த டைமெரிக் கொழும்புக்கு அண்மையிலும் பிடிபட்டன. கொழும்புத் துறைமுகத்தின் தேடொளிகள் வானைத் துழாவிக்கொண்டிருக்க, அந்த வெளிச்சத்தின் ஓரத்திலேயே இது நிகழ்ந்தது! பின்னர் மினிக்காய்க்குப் போகும் கடல்வழியில் பியூரெஸ்க் அகப்பட்டது. ஆங்கிலக் கடற்படைக்கென்றே 6,000 தொன்னுக்கு மேற்பட்ட உயர்ந்த நிலக்கரியை ஏற்றிவந்த கப்பல் அது. விருந்துக்கு அழைக்காமலே சமையற்காரனும் பாத்திரமும் வந்ததுபோலாயிற்று.

மாத்தளைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். அக்காலத்தில் தோட்டத்து மக்கள் உண்ட அரிசி இம்மண்ணில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்து இம்மாத்தளையில் மலையேறிய மக்களின் பிள்ளைகளும் பேரர்களும், கடலை மறந்து வாழ்ந்தாலும் கடல்வழி வந்த சோற்றையே உண்டனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமான படகுச் சேவை தொடங்கியது அதே 1914இல்தான். வங்காள விரிகுடாவில் கப்பலோட்டம் நின்றது என்ற செய்தி லயத்து வாசலில் எப்படி ஒலித்திருக்கும்? ‘எம்டன் வாரான்’ என்று பாட்டி சொன்னது வெறும் பூச்சாண்டியன்று என்று நமக்குத் தோன்றுகிறது. சிங்களத் தாய்மாரும் அப்பெயரைச் சொல்லியே பிள்ளைகளை அடக்கினர் என்பர்.

அச்சம் பெரியவர்களையும் விடவில்லை. போயர் யுத்தத்தில் கைதியாகி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்டவர் எங்கல்பிரெக்ட். யால காட்டின் முதல் விலங்குக் காப்பாளர் அவர். காட்டெருமை இறைச்சியை எம்டனுக்குக் கொடுத்தார் என்று எவரோ கூறிய கோளை நம்பி, அவரைக் கண்டியிலே சிறை வைத்தனர். எம்டனில் பணியாற்றிய அதிகாரி ஒருவர் பிற்காலத்தில் இலங்கைக்கு வந்தபோது, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று கூறியதாகச் சொல்வர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எம்டனோ இதற்குள் தெற்கே, டியகோ கார்சியாத் தீவில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அத்தீவினருக்கு உலகில் யுத்தம் மூண்ட செய்தியே எட்டவில்லை! ஜேர்மானியரும் வாய் திறக்கவில்லை. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவு செய்துகொண்டு, தீவினரின் பழுதான மோட்டார்ப் படகையும் திருத்திக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டனர். மறுபடி மினிக்காய்ப் பக்கம் ஏழு கப்பல்கள். அப்பால் அக்டோபர் 28ஆம் திகதி விடியலில், நான்காவது புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ரஷ்யக் குரூசர் ‘செம்சுக்’கை டார்பிடோவால் பிளந்தது. அதன் தலைவர் அவ்வேளை கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். 80க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். வெளியேறும்போது எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. முல்லர் நின்று, நீந்தியவர்களைத் தூக்கிக்கொண்டே போனார்.

நவம்பர் 9. கோக்கஸ் தீவுகளில் ஆங்கிலேயரின் தந்தி நிலையம் ஒன்றிருந்தது. அதை அழிக்க ஐம்பது பேரைக் கரையிறக்கினார் முல்லர். கம்பிக் கோபுரத்தைச் சாய்க்கப் போனபோது, தங்கள் டென்னிஸ் மைதானத்தின்மேல் விழாமல் சாய்க்கும்படி நிலையத்தார் வேண்டினராம், அவ்வாறே செய்தனராம். ஆனால் அதற்கு முன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். அவுஸ்திரேலியப் படைகளை ஏற்றிவந்த கப்பற் கூட்டம் அருகே போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ என்னும் குரூசர் திரும்பிப் பாய்ந்தது.

சிட்னி பெரிது, விரைவானது. எட்டுப் பீரங்கிகளும் ஆறங்குல வாய். முதற் குண்டுகள் எம்டனுடையவையே இலக்கிற் பட்டன. பிறகு சிட்னி விலகி நின்று, எம்டனின் குண்டு எட்டாத தூரத்திலிருந்து அடித்தது. இங்கேதான் பழைய வரைபடத்தின் குறை தெரிந்தது. சிறு பீரங்கி வணிகக் கப்பலை நிறுத்தப் போதும். ஆறங்குலப் பீரங்கிக்கு விடை சொல்லப் போதாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் புகைபோக்கிகள் சாய்ந்தன, சுக்கான் போயிற்று. முல்லர் கப்பலை வடகீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஓட்டி ஏற்றினார். 130க்கு மேற்பட்டோர் இறந்தனர். சிட்னியில் இறந்தோர் நால்வர். கரையில் விடப்பட்ட ஐம்பதின்மர் ‘ஆயிஷா’ என்னும் பழைய பாய்க்கப்பலைப் பிடித்துக்கொண்டு, சுமாத்திரா, அரேபியா வழியாகக் கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தது தனிப் புராணம். பிறிதொரு வாரம் பார்க்கலாம்.

நவம்பர் 15ஆம் திகதி சிட்னி கொழும்பை அடைந்தது. துறைமுகம் நிறையப் படைவீரர் கப்பல்கள். வெற்றி ஆரவாரம் எழும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கப்பலில் காயமுற்ற பகைவர் படுத்திருக்கிறார்கள், ஆரவாரம் வேண்டா என்று சிட்னியின் தலைவர் கிளாசப் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். அத்தனை கப்பல்களும் மௌனமாக நிற்க, சிட்னி உள்ளே நுழைந்தது. முல்லர் மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்து, 1923இல் இறந்தார். தம் வீரச்செயலைப் பற்றி நூல் எழுத மறுத்துவிட்டார். தோழர்களின் இரத்தத்தை விற்றுக் காசாக்குவதுபோலாகும் என்பது அவர் எண்ணம்.

இவ்வளவையும் கேட்ட மாணவர்கள் விடவில்லை. “அந்தத் தமிழர் யார் சேர்?” என்றனர். அவர் செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்து, இந்திய விடுதலைக்காக ஐரோப்பாவில் உழைத்தவர், மெய்யான தேசபக்தர். ஆனால் 1914 செப்டம்பரில் அவர் இருந்தது ஐரோப்பாவில். எம்டனோ ஆகஸ்டு மாதமே சீனக் கடலை விட்டுக் கிளம்பிவிட்டது. இடையில் எந்தத் துறைமுகத்தில் அவர் ஏறியிருக்க முடியும்? எம்டனின் அதிகாரிகள் எழுதிய நூல்களிலும் அவர் பெயர் இல்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து வழங்கும் கதைதான். நாமும் இளமையில் அதை நம்பி வகுப்பில் முழங்கியிருக்கிறோம். என்ன செய்வது, கணக்கு ஒத்துவரவில்லை.

வடை தின்றவன்தான் அதிகம் வருந்தினான். “அப்படியானால் நம்மவர் ஒருவரும் அந்தக் கதையில் இல்லையா சேர்?” என்று கேட்டான். பஸ் ரத்தோட்டைக் கடைவீதியை நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தார்கள் என்றோம். மூழ்கிய ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்களும், கயிறு இழுத்தவர்களும் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். கப்பல் முழுகியபோது அவர்களுடைய பெட்டியும் சம்பளமும் என்னவாயின என்பது எந்த வீரகாவியத்திலும் இல்லை. எம்டனிலேயே துணி வெளுக்கும் சீனர் சிலர் இருந்தனர். அவர்களிலும் உயிர்தப்பாதவர் உண்டு. சென்னையில் மாண்ட ஐவர் இருக்கிறார்கள்.

“அவர்கள் பெயர் என்ன சேர்?” என்றான் அவன்.

மாத்தளையில் இறங்கும்வரை நாம் பேசவில்லை. மறுவாரம் அவன் நூல் நிலையத்தில், பழைய பத்திரிகைகளின் நுண்படச் சுருள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்ததாக நூலகர் எம்மிடம் சொன்னார்.